பிழை யாருடையது: பேஸ்பால் வீடியோ விளையாட்டில் பந்தெறியும் முறைகள், ஓர் ஒப்பீடு

1997-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்காக கிரெக் மேடக்ஸ் 232 இன்னிங்ஸுக்கும் மேல் பந்தெறிந்தார். அந்தப் பருவம் முழுவதிலும் அவர் கொடுத்த ‘வாக்’ வெறும் 20. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1977-இல், கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸின் நோலன் ரயன் 299 இன்னிங்ஸில் 204 ‘வாக்’ கொடுத்தார். ஸ்ட்ரைக் ஸோனுக்கு (பேட்டர் அடிக்கத் தக்க கற்பனைக் கட்டத்துக்கு) வெளியே போகும் பந்துகளைத் தொடாமல் விட்டு, அப்படி நான்கு சேர்ந்தால் பேட்டர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம், அதுதான் ‘வாக்’. ஒன்பது இன்னிங்ஸுக்குக் கணக்கிட்டால் மேடக்ஸுக்கு ஒன்றுகூட வரவில்லை, ரயனுக்கோ ஆறைத் தாண்டுகிறது. இருவருமே ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற மேதைகள்.

பேஸ்பால் வீடியோ விளையாட்டு எதை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மேடக்ஸைப் போன்ற ஒருவரையும் ரயனைப் போன்ற ஒருவரையும் அடுத்தடுத்து என் கையில் கொடுத்தால், இந்த வேறுபாடு பிழைத்திருக்குமா? இல்லை, இருவரும் என் கட்டைவிரலின் திறமைக்குள் கரைந்து ஒரே ஆளாகிவிடுவார்களா? மைதானத்தின் புல்லும் சீருடையின் மடிப்பும் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், இந்தக் கேள்விக்குத் தரும் பதிலில்தான் ஒரு விளையாட்டின் நம்பகத்தன்மை எனக்குத் தெரிகிறது.

சான் டியேகோ ஸ்டுடியோவின் ‘எம்.எல்.பி. தி ஷோ’ வரிசையை வைத்தே பேசுகிறேன். பல எறிமுறைகளை ஒரே விளையாட்டுக்குள் வைத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள விடுவதால் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே வசதி.

கிளாசிக் முறையிலிருந்து தொடங்கலாம். எந்தப் பிட்ச் (எறியும் பந்தின் வகை) என்று தேர்ந்தெடுக்க வேண்டும், எங்கே என்று குறிவைக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும். உங்கள் வேலை அவ்வளவுதான். பந்து குறித்த இடத்துக்குப் போகுமா என்பதை அந்தப் பிட்சரின் (பந்தெறிபவரின்) கட்டுப்பாட்டு மதிப்பெண்ணும், களைப்பும், அந்தப் பந்தின் மீது அவருக்கு அன்று இருக்கும் நம்பிக்கையும் முடிவு செய்கின்றன. பலர் இதைச் சிறுவர்களுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கட்டுப்பாடு குறைந்த ஒரு ரிலீவரை (ஆட்டத்தின் நடுவே மாற்றாக வரும் பிட்சரை) எட்டாவது இன்னிங்ஸில் இறக்கி, கிளாசிக்கில் வெளி ஓரத்துக்கு ஸ்லைடர் (கடைசியில் பக்கவாட்டில் விலகும் பந்து) கேட்டுப் பாருங்கள். அது நடுவில் வந்து விழுவதைப் பார்க்கும்போது உண்மையான மேலாளர் டக்அவுட்டில் நின்று அனுபவிக்கும் அந்த இயலாமை அப்படியே வந்துவிடுகிறது. மேடக்ஸும் ரயனும் வேறு வேறு மனிதர்களாகவே இருக்கிறார்கள். குறை ஒன்றுதான், பெரிய குறை: எறிவது நீங்கள் என்ற உணர்வே கிடையாது. அறிவு வேலை செய்கிறது, உடம்பு சும்மா இருக்கிறது.

பல்ஸ் முறை 2012 பதிப்பில் அறிமுகமானது. குறிவைத்த இடத்தில் ஒரு வட்டம் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். அது மிகச் சிறிதாகும் கணத்தில் அழுத்தினால் பந்து குறிக்கு அருகே போகும். வட்டத்தின் அளவு எறிபவரைப் பொறுத்தது என்பதுதான் இதில் முக்கியம். நல்ல கட்டுப்பாடு உள்ளவருக்குச் சிறு வட்டம். தடுமாறுபவருக்கு, களைத்துப் போனவருக்குப் பெரிய வட்டம். ஆகவே சரியாக அழுத்தினாலும் பந்து கொஞ்சம் விலகலாம், தவறாக அழுத்தினால் கட்டாயம் விலகும். பிழை இருவருக்கும் பங்கு போடப்படுகிறது. ஆனால் உங்கள் கண் பேட்டரையோ கேட்சரின் கையுறையையோ பார்ப்பதில்லை, துடிக்கும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சில மணி நேரம் ஆடினால் அந்தத் துடிப்பு கனவிலும் வரும்.

மீட்டர் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. முதல் அழுத்தத்தில் அளவுகோல் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் வேகம் நிர்ணயமாகும், திரும்பி வரும்போது கோட்டில் நிறுத்தினால் துல்லியம். இந்த எண்ணத்தின் வேர் கோல்ஃப் வீடியோ விளையாட்டுகளில் இருக்கிறது. 1984-இல் நின்டெண்டோ வெளியிட்ட கோல்ஃபிலேயே இப்படி ஓடும் பட்டை வந்துவிட்டது. கோல்ஃபில் அசையாத பந்தின் முன் ஒருவர் தன் நேரத்தில் நிற்கிறார், அங்கே அது பொருந்துகிறது. பேஸ்பாலுக்கு அதைக் கொண்டுவந்த விளையாட்டுகளில் பலரும் இன்றும் அன்போடு நினைப்பது இ.ஏ. நிறுவனத்தின் ‘எம்.வி.பி. பேஸ்பால் 2005’. மீட்டருக்கு ஒரு தாளம் இருக்கிறது, அந்தத் தாளம் பிட்சரின் உடல் அசைவோடு ஓரளவு ஒத்துப்போகிறது. வேகத்தைக் கூட்ட நினைத்துக் கோட்டைத் தாண்டவிட்டால் துல்லியம் போய்விடும் என்ற பேரமும் உண்மையான பேஸ்பாலில் உள்ளதுதான். ஆனால் பழகப் பழக விரல் அந்தத் தாளத்தை மனப்பாடம் செய்துவிடுகிறது. அதன்பிறகு எல்லாப் பிட்சரும் ஏறக்குறைய ஒரே பிட்சர்தான்.

2011 பதிப்பில் வந்த ப்யூர் அனலாக்கில் கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கைக் கீழே இழுத்து, உரிய நேரத்தில் மேலே தள்ள வேண்டும். நல்ல எண்ணம், இன்று பார்த்தால் அடுத்து வந்ததற்கு ஓர் ஒத்திகை என்றே படுகிறது.

அடுத்து வந்தது பின்பாயின்ட். 2021 பதிப்பில் அறிமுகமானது. அந்த வரிசை முதன்முறையாக எக்ஸ்பாக்ஸுக்கும் வந்த ஆண்டு அது. ஒவ்வொரு பிட்சுக்கும் திரையில் ஒரு கோலம் தோன்றும். வலது ஸ்டிக்கால் அதை வரைந்து, கடைசியில் சரியான கணத்தில், சரியான கோணத்தில் வீசி முடிக்க வேண்டும். நேர்வேக ஃபாஸ்ட்பாலுக்குக் கீழே இழுத்து மேலே தள்ளினால் போதும். வளைந்து போகும் பந்துகளுக்குச் சுழிகள் உண்டு. கோலம் எவ்வளவு ஒழுங்காக வந்தது, வீச்சு முந்தியதா பிந்தியதா, கோணம் சாய்ந்ததா என்று ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் விளையாட்டு சொல்கிறது.

இதைக் கற்றுக்கொள்ளும் காலம் சுகமானது. சிறு பிள்ளை அரிசியில் விரல் வைத்து ‘அ’ எழுதப் பழகுவதைப் போன்றது. முதல் வாரம் சுழி உடைகிறது; பிறகு மெல்ல மெல்லக் கைக்கு வருகிறது. சேஞ்சப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) கைவசம் வந்து கர்வ்பால் (வளைந்து கீழிறங்கும் பந்து) இன்னும் படியாத நாட்களில், உண்மையான பிட்சர் எப்படித் தன்னிடம் இருக்கும் இரண்டு பந்துகளை வைத்தே ஆட்டத்தை நடத்துகிறாரோ அப்படி நீங்களும் யோசிக்கத் தொடங்குவீர்கள். வேறெந்த முறையும் எனக்கு இதைத் தரவில்லை. மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள், கடைசி இன்னிங்ஸ், உள்ளங்கை வியர்க்கிறது, சுழி கோணுகிறது: அந்தப் பதற்றம் பொய்யாக ஏற்றி வைத்ததல்ல, உங்களுடையதேதான்.

அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. கை தேறிவிட்டால்? கோலத்தைக் கச்சிதமாக வரைந்தாலும் பந்து ஒரு சிறு பரப்புக்குள் எங்கேயாவதுதான் விழும் என்று விளையாட்டு வைத்திருக்கிறது. அந்தப் பரப்பின் அளவில் பிட்சரின் தரம் பேசுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் மாதக்கணக்கில் பழகிய கைக்கு அந்தப் பரப்பு போதிய கடிவாளமாக இருப்பதில்லை. ஒரு ‘வாக்’ கூடக் கொடுக்காமல் ஆட்டத்துக்குப் பின் ஆட்டம் முடிகிறது. உண்மையான மேஜர் லீகிலோ (அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறை பேஸ்பாலில்) ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று ‘வாக்’ கொடுக்கிறது. எறியும் பந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஸ்ட்ரைக் ஸோனுக்கு வெளியே போய் ‘பால்’ ஆகிறது. உலகத்தின் மிகச் சிறந்த பிட்சர்களுக்கே அதுதான் நிலை. 60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து, பேட்டர் நிற்கும் இடத்தில் உள்ள 17 அங்குல அகலமுள்ள தட்டின் ஓரத்தைத் தொடச் சொன்னால் வேறென்ன நடக்கும்?

சைகை முறையின் இந்த ஆபத்துக்கு ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது. 2கே நிறுவனம் 2008-லேயே தன் பேஸ்பால் வரிசையில் ஸ்டிக்கால் சைகை வரைந்து எறியும் முறையைக் கொண்டுவந்தது. 2010 பதிப்பு வெளியானபோது, முதலில் ‘பெர்ஃபெக்ட் கேம்’ எறிபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். எதிரணியில் ஒருவர்கூட பேஸை எட்டாமல் 27 அவுட்டையும் எடுப்பதுதான் ‘பெர்ஃபெக்ட் கேம்’. விளையாட்டு வெளியான நாளிலேயே ஒருவர் அதைச் செய்து பரிசை வென்றார். அவர் தேர்ந்தெடுத்த பிட்சர் பிரேவ்ஸின் கென்ஷின் கவாகாமி. உண்மையான 2010 பருவத்தில் கவாகாமி வென்றது ஓர் ஆட்டம், தோற்றது பத்து. மேஜர் லீகின் இத்தனை ஆண்டு வரலாற்றில் 2023 வரை அங்கீகரிக்கப்பட்ட ‘பெர்ஃபெக்ட் கேம்’கள் 24 மட்டுமே. பரிசு வென்றவரின் திறமையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அன்று பந்தெறியும் மேட்டில் நின்றவர் கவாகாமி அல்லர்.

ஆகவே எது யதார்த்தம் என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்த வடிவத்தில் ஆடுகிறீர்கள் என்று சொன்னால் பதில் உண்டு.

‘ரோடு டு தி ஷோ’வில் ஒரே ஒரு பிட்சரை உருவாக்கி, மைனர் லீகிலிருந்து மேலே கொண்டுவருகிறீர்கள் என்றால், தயங்காமல் பின்பாயின்ட். அங்கே அந்தப் பிட்சர் நீங்கள்தான். டபுள்-ஏ என்ற மைனர் லீக் படியில் அவரது கர்வ்பால் திருந்தும் காலத்தில்தான் உங்கள் சுழியும் திருந்துகிறது. இரண்டு வளர்ச்சியும் ஒன்றாக நடப்பதால் அவர் பிழை, உங்கள் பிழை என்று பிரித்துப் பார்க்க வேண்டியதே இல்லை. இணையவழிப் போட்டிகளிலும் அதுவே சரி. அங்கே எதிரில் இருப்பவரும் தன் கையை நம்பித்தான் வருகிறார்.

ஃபிரான்சைஸ் வடிவத்தில் ஓர் அணியையே பல பருவங்களுக்கு நடத்துகிறீர்கள் என்றால் கதை வேறு. பன்னிரண்டு, பதின்மூன்று பிட்சர்களைத் தேர்ந்தெடுத்து, சம்பளம் கொடுத்து, வர்த்தகம் செய்து சேர்த்திருக்கிறீர்கள். அவர்களுக்குள் வேறுபாடு இல்லாவிட்டால் அந்த உழைப்பு அத்தனையும் வீண். கட்டுப்பாட்டுக்காக அதிகச் சம்பளம் கொடுத்து வாங்கியவரும், குறைந்த சம்பளத்துக்கு வந்த வேகக்காரரும் என் கையில் ஒரே மாதிரி எறிந்தால் நான் எதற்கு மேலாளர்? இங்கே பல்ஸைத்தான் நான் பரிந்துரைப்பேன். கொஞ்சம் கைவேலை இருக்கிறது, ஆனால் கடைசிச் சொல் பிட்சருடையது. எண்கள் மெய்யான லீகோடு ஒத்துப்போக வேண்டும் என்பதே முதல் கவலை என்றால் கிளாசிக்.

பின்பாயின்ட்டின் உடலுணர்வை விட மனம் வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அமைப்புகளில் ‘பிட்சர் கன்ட்ரோல்’, ‘பிட்சர் கன்சிஸ்டன்சி’ என்ற ஸ்லைடர்கள் (அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டைகள்) உண்டு. இயல்பாக ஐந்தில் இருக்கும். உங்களுக்கான அளவை, கணினி அணியின் அளவைத் தொடாமல், ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஒரே ஆட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பத்து ஆட்டம் ஆடி, மொத்த ‘வாக்’ எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முப்பதுக்கு அருகே வந்தால் அங்கேயே நிறுத்தலாம். பத்துக்குள் இருந்தால் இன்னும் ஒரு படி குறையுங்கள். பிறகு அணியிலேயே கட்டுப்பாடு மிகுந்தவர், மிகக் குறைந்தவர் இருவரின் பெயருக்கு எதிரே உள்ள ‘வாக்’ கணக்கைத் தனியே பாருங்கள். மொத்தம் சரியாக இருந்தும் இருவருக்கும் இடையே இடைவெளி இல்லை என்றால், ஸ்லைடரால் அதைச் சரிசெய்ய முடியாது. பல்ஸுக்கு மாறிவிடுங்கள்.