மொராக்கோவில் மலையேற்றமும் பாலைவனமும் என்று 1,380 பவுண்ட் கட்டி ஏமாந்தேன், பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

ஊர் திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. இன்று காலை வங்கியிலிருந்து "பணம் தர இயலாது" என்று பதில் வந்தது, அதைப் படித்த சூட்டோடு எழுதுகிறேன். இரண்டு நாள் போனால் "சரி விடு, போனது போகட்டும்" என்று நானே சொல்லிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். போனது 1,380 பவுண்ட். இந்த மாதிரி பயணங்களை எப்படிச் சரிபார்த்துப் பதிவு செய்வது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மச்சினன் இங்கே பிரிட்டனில் முதுநிலைப் படிப்பை முடித்தான். அதற்குப் பரிசாக எங்காவது கூட்டிப்போகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அவன் ஒருமுறை வெள்ளியங்கிரி ஏழாவது மலை ஏறியவன், அதிலிருந்து மலைப் பைத்தியம். மொராக்கோவில் துப்கால் என்று ஒரு மலை, 4,167 மீட்டர், வட ஆப்பிரிக்காவிலேயே உயரமானது. அதில் ஏறி இறங்கி, அப்படியே கிழக்கே போய் சஹாராவின் மெர்சுகா மணல்மேடுகளில் இரண்டு இரவு கூடாரம், மொத்தம் ஏழு நாள், குழுவில் அதிகபட்சம் 8 பேர். சாகசப் பயணங்களை விற்கும் ஒரு தளத்தில் இதைப் பார்த்தோம். தளத்தின் பெயரை எழுதப்போவதில்லை, வழக்கு கிழக்கு என்று அலைய என்னால் முடியாது. பல நாட்டு உள்ளூர் ஏற்பாட்டாளர்களைத் திரட்டி விற்கும் வகை, அவ்வளவு சொன்னால் போதும். ஆளுக்கு 720 பவுண்ட்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. உள்ளூர் ஏற்பாட்டாளனிடம் வீடியோவில் பேச வேண்டும் என்று கேட்டேன். பேசினான். சின்ன வயசு, நல்ல ஆங்கிலம். போனைத் திருப்பிப் பின்னால் இருந்த பனிமலையைக் காட்டினான். சைவம் என்றதும் காய்கறி தாஜின், அதாவது மண்சட்டியில் வேகவைக்கும் கறி, செய்யச் சொல்லிவிடுகிறேன் என்றான். எனக்கு முட்டி வலி என்று மச்சினன் போட்டுக்கொடுத்தான், அதற்கு ஊன்றுகோல் இரண்டு தனியாக எடுத்து வைக்கிறேன் என்றான். கடைசியில் ஒன்று கேட்டான் பாருங்கள், இரண்டு பேருடைய ஷூ சைஸ். ஏப்ரல் தொடக்கத்தில் மேலே இன்னும் பனி இருக்கும், காலணிக்கு அடியில் மாட்டும் முள், கிராம்பான் என்கிறார்களே, அதை உங்கள் அளவுக்கு மேலே, மலையேறுகிறவர்கள் ராத்தங்கும் குடிலில் வைத்துவிடுகிறேன் என்றான். அந்த இடத்தில் விழுந்தேன். ஷூ சைஸ் கேட்கிறவன் ஏமாற்றுவானா என்று என் மனைவியிடம் சொன்னேன், அவள் இப்போது அதைத் தினம் ஒருமுறை எனக்கே திருப்பிச் சொல்கிறாள்.

மறுநாள் வாட்ஸ்அப்பில், தளத்துக்குக் கமிஷன் போகிறது பிரதர், நேராக என் கணக்குக்கு அனுப்பினால் ஆளுக்கு 690 போதும் என்றான். இரண்டு பேருக்கு 60 பவுண்ட் மிச்சம். தளத்தில் போட்ட முன்பதிவை அவனே ரத்து செய்தான், நான் 1,380 பவுண்டை வெளிநாட்டுக் கணக்கு ஒன்றுக்கு அனுப்பினேன். அனுப்பும்போது வங்கிச் செயலி "இது மோசடியாக இருக்கலாம்" என்று ஒரு பக்கம் முழுக்க எச்சரித்தது. சரி என்று தட்டிவிட்டுப் போனேன்.

மராக்கெஷ் நகரில் இறங்கியதும் வண்டி வந்தது, அதுவரை குறையில்லை. எங்களோடு ஒரு போலந்து ஜோடி, மொத்தம் நாலே பேர், ஆகா என்று இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் இம்லில் கிராமம், 1,740 மீட்டர், வால்நட் மரங்கள், கோவேறு கழுதைகள், 2023 நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட சுவர்கள் சில இன்னும் அப்படியே. ராத்திரி சூப் குடித்துவிட்டுத் தூங்கினோம். மறுநாள் காலை வழிகாட்டி என்று ஒரு பையன் வந்தான். அரை மணி நேரம் நடந்திருப்போம், சோதனைச் சாவடி. அங்கே பாஸ்போர்ட்டைப் பதிவு செய்துவிட்டு வழிகாட்டியின் அட்டையைக் கேட்கிறார்கள். 2018 டிசம்பரில் அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் கொல்லப்பட்ட பிறகு, உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் துப்காலுக்கு விடுவதில்லை. இதெல்லாம் நான் முன்பே படித்ததுதான், அதனால்தான் "வழிகாட்டி உரிமம் உள்ளவரா" என்று கேட்டு, "நூறு சதவீதம்" என்று பதிலும் வாங்கி வைத்திருந்தேன். பையனிடம் அட்டை இல்லை. மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினார்கள். அவனைத் திட்டக்கூட மனசு வரவில்லை, அவனுக்கே அன்றைக்குக் கூலி வந்திருக்காது.

ஏற்பாட்டாளனுக்கு போன் போட்டோம். "ஐந்து நிமிஷம் பிரதர்." நான்கு மணி நேரம் கழித்து, "இன்று முடியாது, நாளை." அந்த நாள் போச்சு. மறுநாள் காலை உரிமம் உள்ள வழிகாட்டி ஒருவர் வந்தார், நடுத்தர வயது, நல்ல மனிதர், ஆனால் அவருக்குக் கூலி கொடுக்கப்படவில்லை, 1,200 திர்ஹம் நாங்கள்தான் தர வேண்டும். தொண்ணூறு பவுண்டுக்கு மேல். போலந்துக்காரர்கள் இன்னொரு குழுவோடு சேர்ந்துகொண்டார்கள், நாங்கள் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். கிளம்பும்போதே அவர் சொன்னார், கிராம்பான் இங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள் என்று. நான்தான், எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாயிற்று, மேலே இருக்கிறது, இனி ஒரு திர்ஹம் செலவு செய்ய மாட்டேன் என்று வீம்பு பிடித்தேன்.

சிதி ஷம்ஹரூஷ் தர்கா வரை வெயில், அதற்கு மேல் பனி. ஆறு மணி நேரம் நடந்து 3,200 மீட்டரில் இருக்கும் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குடில்கள். இரண்டிலும் எங்கள் பெயர் இல்லை. கிராம்பானும் இல்லை. வாடகைக்குக் கேட்டோம், அன்றைக்கு மிச்சம் ஒன்றுமில்லை. பாவம் பார்த்துச் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் படுக்க இடம் கொடுத்தார்கள், அதற்கும் பணம் கட்டித்தான். விடியற்காலை நாலு மணிக்கு மற்றவர்கள் எல்லாம் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, காலில் முள்ளைக் கட்டிக்கொண்டு வரிசையாகக் கிளம்பிப் போனார்கள். வழிகாட்டி எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், முள் இல்லாமல் கூட்டிப்போக மாட்டேன் என்று. அவர் செய்தது சரி. மச்சினன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்த விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, மலைதான் போனது, மணலாவது கிடைக்கும் என்று இறங்கினோம். "பாலைவனம் சூப்பராக இருக்கும் பிரதர், மலைக்குப் பதிலாக உங்களுக்கு ஸ்பெஷல் டென்ட்" என்று செய்தி. மறுநாள் மராக்கெஷில் ஏற்றிய வண்டியில் பதினேழு பேர். நான் வரைபடத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மெர்சுகா அங்கிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல், நிற்காமல் போனாலே ஒன்பது பத்து மணி நேரம், முதலில் திசி ந் திஷ்கா கணவாய் ஏற வேண்டும், 2,260 மீட்டர், அந்தப் பக்கம் இறங்கினால் ஐத் பென்ஹத்து மண்கோட்டை. எங்கள் வண்டி கணவாய் பக்கமே திரும்பவில்லை. முக்கால் மணி நேரத்தில் நின்றது. அகஃபாய்.

அகஃபாய் பொட்டல். கல்லும் வெளுத்த மண்ணும். தனி அழகு உண்டு, அதை அகஃபாய் என்று சொல்லி விற்றால் யாருக்கும் புகார் இல்லை. ஆனால் மணல்மேடு ஒன்றுகூடக் கிடையாது. கூடாரத்துக்கு வெளியே நின்றால் அட்லஸ் மலையின் பனி தெரிகிறது, அதாவது நாங்கள் ஏற முடியாமல் இறங்கி வந்த அதே மலைத்தொடர் எதிரே உட்கார்ந்திருக்கிறது. "சஹாரா எங்கே?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன், "டெசர்ட், டெசர்ட்" என்று தரையைக் காட்டினார். மச்சினன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "குறிஞ்சியும் முல்லையும் திரிஞ்சா பாலைன்னு ஸ்கூல்ல படிச்சோமே மாமா, அந்தக் கணக்குப்படி அவன் சொல்றது சரிதான்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி பன்னிரண்டு வரை ஸ்பீக்கரில் பாட்டு, பக்கத்து முகாமில் நாற்சக்கர பைக் சத்தம். இரண்டு இரவு என்றது ஒரு இரவாகி, காலையில் மராக்கெஷ் வீதியில் இறக்கிவிட்டார்கள்.

அங்கேயே சுற்றுலாப் போலீஸிடம் போனோம். பொறுமையாகக் கேட்டார்கள். ஒப்பந்தம் எங்கே, நிறுவனத்தின் உரிம எண் என்ன? என்னிடம் இருந்தது வாட்ஸ்அப் அரட்டையும் ஷூ சைஸும்தான்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. ஏற்பாட்டாளன், முதல் நாள்: "மேலாளரிடம் பேசுகிறேன் பிரதர்." இரண்டாம் நாள்: "வானிலை காரணம்." வானிலையா? அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம் இல்லை, படம் அனுப்பினேன். மூன்றாம் நாளிலிருந்து நீல டிக் மட்டும், அதற்கப்புறம் ஒற்றை டிக். தளத்துக்கு எழுதினேன். நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, உங்கள் முன்பதிவு எங்கள் கணக்கில் ரத்தாகியுள்ளது, வெளியே கட்டிய பணத்துக்குப் பொறுப்பில்லை, அடுத்த பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடி தருகிறோம் என்று பதில். விமர்சனமாவது எழுதலாம் என்றால், பயணம் முடித்தவர்கள் மட்டுமே எழுத முடியுமாம், ரத்து செய்தவர் எழுத முடியாதாம்! இந்த ஏற்பாட்டை யோசித்தவன் மூளைக்காரன். தளத்திலேயே கார்டில் கட்டிய போலந்து ஜோடிக்குப் பாதிப் பணம் திரும்ப வருகிறதாம். நமக்கு 60 பவுண்ட் மிச்சம்.

கடைசி நம்பிக்கை வங்கி. இங்கே 2024 அக்டோபரிலிருந்து ஏமாற்றி அனுப்ப வைத்த பணத்தை வங்கி திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் அது பிரிட்டனுக்குள் நடக்கும் பரிமாற்றத்துக்கு மட்டும். என் பணம் கடல் தாண்டிவிட்டது. அதோடு, வண்டி வந்தது, கூடாரம் கொடுத்தார்கள், ஆகவே இது மோசடி அல்ல, சேவைத் தகராறு என்று இன்று காலை எழுதியிருக்கிறார்கள். 1,380 பவுண்ட், சேவைத் தகராறு.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. சுருக்கமாக: தளத்துக்கு வெளியே பணம் கேட்டால் அந்த நிமிஷமே விலகிவிடுங்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கச் சட்டம் இருக்கிறது. வழிகாட்டியின் அட்டையைக் கிளம்பும் முன் படமாக வாங்குங்கள். "சஹாரா" என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள், எந்த ஊர், எத்தனை மணி நேரப் பயணம் என்று எழுத்தில் கேளுங்கள். மராக்கெஷிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் சஹாரா மணல்மேடு கிடையாது. ஏப்ரலில் துப்கால் போகிறவர்கள் கிராம்பானை இம்லிலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே இருக்கிறது என்று யார் சொன்னாலும் சரி.