டிவைடிங் ஹெட்டுக்கு மோட்டார்: கப்ளிங்கா, பெல்ட்டா, வார்மே வேண்டாமா?

டிவைடிங் ஹெட் என்பது வேலைப்பொருளைச் சம கோணங்களாகத் திருப்பி நிறுத்தும் கருவி. 40:1 என்றால் உள்ளே இருக்கும் வார்ம் (திருகு வடிவப் பல் தண்டு) நாற்பது சுற்று சுற்றினால் வேலைப்பொருளைத் தாங்கும் ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றும். அதைக் கையால் திருப்பாமல், ஒரு மின் பல்ஸுக்கு ஒரு படி (ஸ்டெப்) நகரும் ஸ்டெப்பர் மோட்டார் மாட்ட மூன்று வழி உண்டு. வார்மைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலையே பெல்ட்டால் திருப்பலாம். கைப்பிடி இருந்த இடத்தில் கப்ளிங் (இரு ஷாஃப்ட்டை இணைக்கும் துண்டு) போட்டு மோட்டாரை நேராக இணைக்கலாம். இல்லையேல் மோட்டாரைப் பக்கத்தில் நிறுத்தி, டைமிங் பெல்ட் வழியாக வார்ம் ஷாஃப்ட்டைச் சுழற்றலாம். என் சாய்வு மூன்றாவது பக்கம்தான். அதிலும் குறிப்பாக மோட்டாரில் 20 பல் புல்லி, வார்மில் 36 பல் புல்லி.

முதல் வழியில் வேகம் கிடைக்கும், பேக்லாஷ் (பற்களுக்கிடையிலான தளர்வு) தொல்லை குறையும். ஆனால் இந்த விகிதத்தில் வார்ம் பொதுவாகத் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். கட்டரின் தள்ளல் மோட்டார்வரை போகாது. அதை எடுத்துவிட்டால் சுமை முழுக்கப் பெல்ட்டின் மீதும் ரோட்டரின் (மோட்டாரின் சுழலும் பாகம்) மீதும்தான். எழுத்து பொறிக்க அது போதும், பல் வெட்டப் போதாது.

"மைக்ரோஸ்டெப்பைக் (ஒரு முழு ஸ்டெப்பை 8, 16 எனப் பிரிப்பதை) கூட்டினால் துல்லியம் வந்துவிடாதா?" என்ற கேள்வி எழும். வராது, முடிவைத் தீர்மானிப்பதே இந்த இடம்தான். 8 மைக்ரோஸ்டெப்பில் ரோட்டர் ஒரே ஒரு மைக்ரோஸ்டெப் பின்தங்கும்போது பிறக்கும் திருகுவிசை, மோட்டாரின் நிறுத்துவிசையில் (நிற்கும்போது தாங்கும் உச்ச விசை) ஏறக்குறைய 20 சதவீதம். 16-இல் 10 சதவீதம். கெட்டிப்பட்ட கிரீஸ், இறுக்கமான சீல், சற்றுக் கூடுதலாக அழுத்திய வார்ம், இவற்றில் ஒன்றே அதை விழுங்கிவிடும். பல்ஸ் போயிருக்கும், ஷாஃப்ட் அசைந்திருக்காது. அதனால் முழு ஸ்டெப்பை மட்டும் நம்பிக் கணக்குப் போட வேண்டும்.

ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி திரும்பும் மோட்டாரை (சுற்றுக்கு 200 ஸ்டெப்) 6:1 பெல்ட்டில் ஸ்பிண்டிலோடு கோத்தால் ஸ்பிண்டிலின் ஒரு சுற்றுக்கு 1,200 முழு ஸ்டெப். அரை ஸ்டெப் பிழையே 50 மி.மீ. ஆரத்தில் 0.13 மி.மீ. கப்ளிங் போட்டால் 8,000 ஸ்டெப், பிழை 0.02 மி.மீ. 36:20 பெல்ட்டில் 14,400 ஸ்டெப், பிழை 0.011 மி.மீ. ஒரு டிகிரிக்குச் சரியாக 40 ஸ்டெப் வருவது கூடுதல் லாபம்.

கப்ளிங் வழியை ஒதுக்கிவிடவும் முடியாது. பாகங்கள் குறைவு, ஒரு மாலையில் முடிந்துவிடும். மையம் கொஞ்சம் விலகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் வளையும் என்பதால் வளைந்து கொடுக்காத ரிஜிட் கப்ளிங் மட்டும் கூடாது. மோட்டார் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதுதான் இதன் பெரிய தொல்லை.

பெல்ட் வழிக்கு 5எம் பிட்ச் (பல்லுக்குப் பல் 5 மி.மீ.), 15 மி.மீ. அகலம் எடுங்கள். 2 மி.மீ. பிட்ச் உள்ள ஜிடி2-வில் 36 பல் புல்லியின் விட்டம் 23 மி.மீ.தான், வார்ம் ஷாஃப்ட்டுக்குத் துளை போட்டால் சுவர் மெலிந்துவிடும். 5எம்-இல் அது 57 மி.மீ. பெல்ட் பல்லில் இருக்கும் இடைவெளி ஸ்பிண்டிலில் நாற்பதில் ஒரு பங்காகிவிடும். புல்லி வழுக்குவதுதான் உண்மையான ஆபத்து; கிரப் ஸ்குரூ (தலையில்லாத திருகு) உருண்டை ஷாஃப்ட்டில் நிற்காது, தட்டையாக அராவிய இடத்தில் உட்கார வேண்டும்.

கப்ளிங் வழியானாலும் வார்மைச் சுழற்றும் பெல்ட் வழியானாலும் வார்ம் பேக்லாஷ் அப்படியே இருக்கும். வார்மை வார்ம் வீலோடு நெருக்கவும் விலக்கவும் உதவும் எக்சென்ட்ரிக் புஷ்ஷை, வீல் மிக இறுகும் இடத்தில் வைத்துச் சரிசெய்யுங்கள். தளர்ந்த இடத்தில் சரிசெய்தால் பாதிச் சுற்றில் மோட்டார் திணறும். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்க வேண்டும். பின்னால் போக நேர்ந்தால் 2 டிகிரி தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும்.

புரோகிராமில் ஒரு பொறி இருக்கிறது. 8 மைக்ரோஸ்டெப்பில் ஒரு சுற்றுக்கு 1,15,200. 127 பல்லுக்கு வகுத்தால் 907.087. ஒவ்வொரு முறையும் 907 என்று ஓட்டினால் கடைசிப் பல்லில் 11 மைக்ரோஸ்டெப் குவியும், 50 மி.மீ. ஆரத்தில் அந்த ஒரு பல் மட்டும் 0.03 மி.மீ. தடித்து நிற்கும். ஒவ்வொரு இடத்தையும் தொடக்கத்திலிருந்தே கணக்கிடுங்கள்: பல் எண் × 1,15,200 ÷ 127, பிறகு முழுமையாக்கல். இந்தப் பெருக்கலுக்கு 16 பிட் எண் போதாது, 32 பிட் வேண்டும்.

ஸ்பிண்டில் பூட்டை வெட்டும்போது இறுக்கியே ஆக வேண்டும். தளர்த்த மறந்து அடுத்த பல்லுக்குப் போனால் ஸ்டெப் தவறும், தன் நிலையைச் சரிபார்க்காத திறந்த சுற்று மோட்டாருக்கு அது தெரியவே தெரியாது. பூட்டு நெம்பில் ஒரு மைக்ரோ சுவிட்ச் வைத்து, பூட்டு இறுகியிருக்கும்வரை புரோகிராம் பல்ஸ் அனுப்பாதபடி செய்யுங்கள். எனேபிளை (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சிக்னல்) துண்டிக்காதீர்கள், மீண்டும் மின்சாரம் வரும்போது ரோட்டர் வேறு இடத்துக்குத் துள்ளலாம். என்கோடர் (சுழற்சியை அளக்கும் உணரி) உள்ள மோட்டார் ஸ்டெப் தவறினால் அலாரம் கொடுக்கும், கூடுதல் செலவுக்கு அது நியாயமான காரணம். ஆனால் வார்மின் பேக்லாஷ் அதன் கண்ணிலும் படாது.

இவ்வளவும் நிறுத்தி நிறுத்தி வெட்டும் வேலைக்குத்தான். மேசை ஓட்டத்தோடு ஸ்பிண்டிலும் தொடர்ந்து சுழல வேண்டிய ஹெலிக்கல் (சாய்ந்த பல்) கியருக்கு 36:20-ஐக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பூட்டைப் போட முடியாது. வார்ம் பொருத்தமே முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும்.