புது வீட்டுக்கு எந்த லைன்: செம்பா, ஃபைபரா, 5ஜி பெட்டியா?

வீடு மாறி நான்கு மாதம் ஆகிறது. சாவி கைக்கு வந்தபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. சுவரில் ஏற்கெனவே இருந்த செம்புக் கம்பி லைனுக்கு உயிர் கொடுத்து அதிலேயே போனும் பிராட்பேண்டும் வாங்குவது, புதிதாக ஃபைபர் இழுப்பது, அல்லது கம்பியே வேண்டாமென்று சிம் போட்ட 5ஜி ரவுட்டரை வைத்துக்கொள்வது. நான் ஃபைபர் எடுத்தேன், நாளைக்கே இன்னொரு வீடு மாறினாலும் அதைத்தான் எடுப்பேன். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம். செம்பில் வரும் பிராட்பேண்ட் முறையான ஏடிஎஸ்எல் 2 பிளஸ்ஸின் உச்சம் 24 எம்பிபிஎஸ். அதுவும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தால்தான். மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போனால் பாதிகூடத் தேறாது. வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரே இழையில் 2.5 ஜிகாபிட் இறங்கி 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது, 20 கிலோமீட்டர் வரை தாங்குகிறது. ஃபைபர்தான் வேகம், சரி. ஆனால் சாதாரண வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் விட்டுப் போகாமல் வந்தாலே தாராளம் என்பதால் நான் வேகத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை. பார்த்தது பழுதை.

பழைய வீட்டில் ஆறு வருடம் செம்பு லைன் வைத்திருந்தேன். செம்பு ஒரேயடியாகச் சாகாது, அரைகுறையாகச் சாகும், அதுதான் அதன் பெரிய பிரச்சினை. வெளியே ஏதோ ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்துவிடும். மழை பெய்தால் போனில் கரகரப்பு, நெட் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்து எழும். புகார் கொடுத்து, ஆள் வருவதற்குள் வெயில் அடித்து ஜாயின்ட் காய்ந்திருக்கும். அவர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, “லைன் நல்லாத்தானே இருக்கு” என்பார், புகார் முடிந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அந்த நேரத்தில் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. நான் போனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரை மாற்றினேன், சாக்கெட்டை மாற்றினேன், ஒரு தடவை இடியில் மோடமே கருகி அதையும் மாற்றினேன், கோளாறு மட்டும் அடுத்த மழைக்குத் திரும்பி வந்தது.

கண்ணாடி இழை துருப்பிடிக்காது, இடி மின்னலைக் கடத்தாது. அதற்கு ஆகாதவை அழுக்குப் படிந்த கனெக்டர், இறுக்கமான மடிப்பு, அறுந்து போவது. அறுந்தால், இழை வீட்டுக்குள் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியில், சிக்னல் வரவில்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரியும், அதற்குப் பிறகு லைன் நன்றாக இருக்கிறதா என்று யாரோடும் வாதாட வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான ஓஎன்டி பெட்டிகளின் அமைப்புப் பக்கத்தில் உள்ளே வரும் ஒளியின் வலு டிபிஎம் என்ற அலகில் தெரியும். எனக்கு லைன் போட்ட அன்று மைனஸ் 19, அதைக் குறித்து வைத்திருக்கிறேன். மைனஸ் 27 வந்துவிட்டால் அநேகமாக விளிம்பு. எண் மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ மடிந்திருக்கிறது அல்லது அழுக்கு ஏறியிருக்கிறது என்று நெட் நிற்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இதுவரை ஒரே ஒரு பழுது, பால்கனிக் கதவில் ஒயர் நசுங்கியது. மறுநாள் வந்தவர் முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார். நான்கு மாத அனுபவத்தை ஆறு வருடத்தோடு நிறுத்துப் பார்ப்பது அவ்வளவு நியாயமில்லைதான், ஒத்துக்கொள்கிறேன்.

செம்பு நிஜமாகவே ஜெயிக்கும் ஒரு இடம் மின்சாரம். அந்த லைனுக்கான 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்தே வருவதால், வீட்டில் கரண்ட் போனாலும் சாதாரண ஒயர் போன் பேசும். கார்ட்லெஸ் போன் பேசாது, அதன் அடிப்பெட்டிக்கு நம் வீட்டுக் கரண்ட்தான் வேண்டும். ஃபைபரில் போன் ஓஎன்டியின் பின்னால்தான் மாட்டியிருக்கும், கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு சின்ன டிசி யூபிஎஸ் வாங்கி ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் கொடுத்திருக்கிறேன். வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தனியாக இருக்கும் வயதானவரின் அவசர அழைப்புக் கருவியோ திருட்டு அலாரமோ பழைய லைனை நம்பி இருந்தால், அது ஃபைபரில் ஓடுமா என்று கேட்டுத் தெளிவாகாமல் மாற வேண்டாம்.

5ஜி பெட்டியை ஃபைபர் வரும்வரை மூன்று வாரம் மட்டும் வைத்திருந்தேன், அதனால் இதில் என் பேச்சுக்கு எடை குறைவு. பெட்டியைப் பிரித்து ஜன்னலோரம் வைத்தால் வேலை முடிந்தது, ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு வருடத்தில் காலி செய்யப்போகிற வாடகை வீடு என்றால் நானும் அதைத்தான் யோசிப்பேன். ஆனால் மாலையானால் வேகம் பாதியானது, பல வீடுகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்வதால் வீட்டுக் கேமராவுக்கு வெளியிலிருந்து நேராகப் போக முடியவில்லை, பழைய லேண்ட்லைன் எண்ணையும் அதில் கொண்டுவர வழியில்லை.

ஃபைபர் என்று முடிவானால் பெயின்ட் அடிக்கும் முன்பே பைப்பைப் பற்றிப் பேசிவிடுங்கள். வருகிறவர் வாசல் கதவோரம் பெட்டியை மாட்டிவிட்டுப் போகத்தான் பார்ப்பார், அவருக்கு அதுதான் சுலபம். அங்கிருந்து கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சோர்ந்துவிடும். நான் ஹாலின் நடுச்சுவர் வரை கரண்ட் ஒயர் ஓடாத தனி பைப் போடச் சொல்லி, வளைவுகளை அகலமாக வைத்து, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வைத்தேன். நாளைக்கு இழையை மாற்ற வேண்டி வந்தால் சுவரை உடைக்காமல் இழுத்துக்கொள்ளலாம். அப்புறம் பழைய எண் வேண்டுமென்றால் அவசரப்பட்டுப் பழைய லைனை ரத்து செய்துவிடாதீர்கள், எண் கையை விட்டுப் போய்விடலாம். புது லைனில் அந்த எண்ணுக்கு மணி அடித்துக் கேட்ட பிறகுதான் நான் பழையதற்கு எழுதிக் கொடுத்தேன்.