தென்னாப்பிரிக்காவில் டோங்காட் பக்கம் கினிக்கோழி வாங்குகிறவர்கள் முதலில் அதன் கால் நிறத்தைப் பாருங்கள்

போன கோடையில் எங்கள் நாய்க்கு இரண்டு முறை பிலியரி வந்தது. உண்ணி கடித்து வரும் காய்ச்சல், இங்கே நாய் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் கரும்புத் தோட்டம், வேலியோரம் இடுப்பளவு புல். கினிக்கோழி விட்டால் உண்ணியைப் பொறுக்கித் தின்னும் என்று சித்தப்பா சொன்னார். தேடிப் போய் ஓர் ஆளிடம் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

"வீட்டில் பொரித்தது அண்ணே, ஆறு மாசம், மூன்று ஜோடி, கையில் தீனி தின்னும்" என்றார். ஆறுக்கும் 1,800 ராண்ட். இருட்டும் நேரத்தில் பக்கி என்னும் சிறு சரக்கு வண்டியின் பின்னால் அட்டைப்பெட்டியோடு வந்தார். பெட்டியைத் திறந்தால் பறந்துவிடும், கூண்டுக்குள் வைத்துத் திறவுங்கள் என்றார். நியாயம்தானே என்று காசைக் கொடுத்தேன்.

காலையில் பார்த்தால் ஆறும் கம்பிவலையில் மோதி மோதி நெற்றியெல்லாம் ரத்தம். கையில் தின்பது இருக்கட்டும், நான் முற்றத்தில் நின்றாலே தீனியைத் தொடவில்லை. புது இடம், பயம் போகும் என்று நினைத்தேன். வளர்ந்த கினிக்கோழியை வாங்கிய உடனே திறந்துவிட்டால் திரும்பாது, நாலு வாரமாவது அடைத்து அதே கூண்டில் தீனி போட வேண்டும். நான் ஆறு வாரம் அடைத்தேன். ஆறு வாரமும் ஒரே சத்தம், ஒற்றை அசையில் கத்திக்கொண்டே இருந்தன. பெட்டைதான் இரண்டு அசையாகக் கூவும், "பக்-வீக், பக்-வீக்" என்று. சேவலுக்கு அது வராது. ஆறில் ஒன்றுகூட அப்படிக் கூவவில்லை. மூன்று ஜோடி என்றது அத்தனையும் சேவல்!

அப்புறம்தான் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் ஜூலு பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இவை காட்டு இம்பாங்கேலே. முகத்தைப் பார்." ஜூலுவில் கினிக்கோழிக்கு அதுதான் பெயர். பார்த்தேன். கழுத்தும் முகமும் நீலம், தாடி நீலத்தில் சிவப்பு நுனி, கால் கறுத்த சாம்பல். பண்ணைக் கினிக்கோழி மேற்கு ஆப்பிரிக்க வழி வந்தது, அதற்கு முகம் வெளுத்திருக்கும், கால் பெரும்பாலும் ஆரஞ்சு கலந்திருக்கும். ஒரு பக்க றெக்கையைக் கத்தரித்திருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. கரும்பில் வலைவைத்துப் பிடித்த பறவைகளை எனக்கு விற்றிருக்கிறார். காட்டுப் பறவையைப் பிடித்து விற்க மாகாண வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும். காசும் போய், கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

போன் செய்தேன். "உங்களுக்குப் பழக்கத் தெரியவில்லை" என்றார். அடுத்த முறை மணியே அடிக்கவில்லை.

கூண்டைத் திறந்துவிட்டேன். பறக்க முடியாததால் நடந்தே கரும்புக்குள் போயின. அந்தியில் காட்டுக் கூட்டம் கூப்பிட்டது, இவை பதில் கொடுத்தன. மரமேற முடியாத ஒன்றின் இறகு மட்டும் மறுநாள் வேலியோரம் கிடந்தது. கீரிப்பிள்ளையாக இருக்கும்.

வாங்குகிறவர்கள் பகலில் வாங்குங்கள். றெக்கையை விரித்துப் பாருங்கள், கூவுவதைக் கேளுங்கள். குஞ்சு பொரித்த இடத்தைக் காட்ட மறுத்தால் திரும்பிவிடுங்கள். நாய்க்கு இப்போது உண்ணி மாத்திரைதான் கொடுக்கிறேன். சித்தப்பா மட்டும் இன்னும் வான்கோழி நல்லது என்கிறார்.