நான்கு வலசைக் காலங்கள், ஒரு 200-600 லென்ஸ்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில், பறவைகளின் கண்ணில் படாமல் இருக்க உதவும் மறைவிடம் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பறவைகளைப் படமெடுக்கப் புது லென்ஸ் வாங்கப் போவதாகச் சொல்லி, "600 போதுமாண்ணே?" என்று கேட்டேன். லென்ஸின் குவியத்தூரத்தை மில்லிமீட்டரில் சொல்லும் எண் அது; கூடக் கூட, தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும். அவர் பதில் சொல்லாமல் தம் கேமராவை லென்ஸோடு என் கையில் கொடுத்தார். "தம்பி, இதக் கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பேசுவோம்" என்றார். மூன்றாவது நிமிடத்தில் என் இடது முழங்கை தானாக இறங்கி விலாவில் ஊன்றிக்கொண்டது. நான்காவது நிமிடத்தில் சேற்றுத் திட்டில் நின்ற சாம்பல் நாரை, காட்சிக் கண்ணாடிக்குள் வட்டமடிக்கத் தொடங்கியது. ஐந்தாவது நிமிடம் வருமுன்பே, எவ்வளவு தூரம் எட்டும் என்ற என் கேள்வி, எவ்வளவு நேரம் தாங்கும் என்பதாக மாறிவிட்டது.

அந்த ஜூன் மாதம் நான் வாங்கியது சோனியின் எஃப்இ 200-600 மி.மீ. எஃப் 5.6-6.3 ஜி லென்ஸ். 2019இல் வெளிவந்த இந்த லென்ஸின் எடை, முக்காலிப் பிடியைச் சேர்க்காமல் 2,115 கிராம். நான் இதைப் பூட்டியிருக்கும் ஆல்ஃபா 7 வரிசையின் நான்காம் தலைமுறை கேமரா 658 கிராம். வெயில் மறைப்பையும் பிடியையும் சேர்த்தால் கையில் இருப்பது ஏறத்தாழ மூன்று கிலோ. கிராஞ்சி ரயில் நிலையத்தில் இறங்கி, 925ஆம் எண் பேருந்து பிடித்து, காப்பகத்துக்குள் நடந்து, மறைவிடத்தில் காத்திருந்து, மீண்டும் அதே வழியில் திரும்பும் ஒருவருக்கு, பெட்டியில் அச்சிட்டிருக்கும் மற்ற எல்லா எண்களையும்விட இந்த எண்தான் முக்கியம் என்பது, பறவைகள் வந்துபோகும் நான்கு வலசைக் காலங்களுக்குப் பிறகு எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

இதற்கு முன்பு ஐந்தாண்டுகள் வேறொரு நிறுவனத்தின் 150-600 லென்ஸை வைத்திருந்தேன். அதன் படங்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆனால் 600க்குத் திருப்பும்போது அதன் குழாய் முன்னால் நீளும். எடை முழுவதும் முன்பக்கம் சாயும். இடது கையை ஒவ்வொரு முறையும் நகர்த்தி வைக்க வேண்டும். தோளில் தொங்கவிட்டு நடக்கும்போது, பூட்டைப் போட மறந்தால் குழாய் தானே கீழே இறங்கிவிடும். 200-600 லென்ஸில் கண்ணாடிகள் உள்ளேயே நகர்வதால், நீளம் எப்போதும் 318 மி.மீ. தான். எடை நிற்கும் இடம் கிட்டத்தட்ட மாறுவதில்லை என்பதால், ஒற்றைக்கால் தண்டில் ஒருமுறை சமன் செய்துவிட்டால் காலை முழுவதும் அப்படியே இருக்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை, பையில் வைக்கும்போது இது சுருங்காது என்பது. என் பழைய பை இதற்குப் போதவில்லை. லென்ஸ் வாங்கிய அதே வாரம் பையையும் மாற்றினேன். கணக்குப் போடும்போது அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஜூம் வளையம் மிகக் குறைந்த சுற்றில், கையை எடுத்து மீண்டும் பிடிக்காமலே, 200இலிருந்து 600 வரை போய்விடுகிறது. கடையில் இதை நான் ஒரு வசதி என்று மட்டுமே நினைத்தேன். களத்தில்தான் இதன் அருமை புரிந்தது. 600இல் பார்க்கும்போது காட்சி மிகக் குறுகலானது. மரக்கிளையிலிருந்து திடீரென்று எழும் வெண்வயிற்றுக் கடற்கழுகை அந்தச் சிறு சதுரத்துக்குள் தேடுவதற்குள் அது கண்ணைவிட்டு மறைந்துவிடும். 200இல் வைத்துப் பறவையை உள்ளே கொண்டுவந்து, அது நடுவில் இருக்கும்போதே வளையத்தைத் திருப்பினால், ஃபோகஸும் கூடவே வந்துவிடுகிறது. ஜூம் செய்யாத ஒற்றைக் குவியத்தூர லென்ஸ் வாங்கும் வசதி இருந்தால்கூட, தொடக்கக்காரர்களுக்கு நான் ஜூம் லென்ஸையே சொல்வதற்கு இதுவே காரணம்.

அடுத்தது வெளிச்சம், அதாவது எஃப் எண்; அது சிறிதாக ஆக லென்ஸுக்குள் அதிக வெளிச்சம் வரும். இதைப் பற்றித்தான் வாங்குமுன் நான் போதிய அளவு யோசிக்கவில்லை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே பொழுது விடிகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் விறுவிறுவென்று மேலே ஏறிவிடுகிறது. திறந்த சதுப்பு நிலத்தில் எட்டரை மணிக்கெல்லாம் எஃப் 6.3 போதுமானது; பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி வைத்தாலும் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்; ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் கூடும்) அடக்கமான அளவில் நிற்கும். ஆனால் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் பக்கத்துக் காட்டுக்குள், மரங்களின் கூரைக்குக் கீழே போனால் கதையே வேறு. அங்கே ஒன்பது மணிக்கும் ஐஎஸ்ஓ 6400ஐத் தொட்டுக்கொண்டு, 1/250 நொடியில்தான் எடுத்திருக்கிறேன். எஃப் 4 லென்ஸ் வைத்திருப்பவர் அதே இடத்தில், அதே ஷட்டர் வேகத்தில், ஐஎஸ்ஓ 2500இல் எடுப்பார். ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சம் அவருக்குக் கிடைக்கிறது. ஆனால் சோனியின் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் 3,040 கிராம் எடை. விலையோ பல மடங்கு. ஆகவே காட்டுப் பறவைகளே தம் விருப்பம் என்று தெளிவாக இருப்பவர்கள், எஃப் 6.3 லென்ஸோடு ஒரு முறையாவது காட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இரவல் கிடைக்காவிட்டால் வாடகைக்கு எடுத்தாவது பார்க்கலாம்.

அதிர்வைக் குறைக்கும் வசதி இந்தக் குறையை ஈடுகட்டும் என்று பலரும் நம்புகிறார்கள், நானும் நம்பியிருந்தேன். அது நம் கையின் நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் அசைவை அடக்காது. கிளையில் சிலைபோல் உட்கார்ந்திருந்த வெண்கழுத்து மீன்கொத்தியை 1/125 நொடியில் கையிலேயே பிடித்து எடுத்த படத்தில் மார்பின் ஒவ்வொரு தூவியும் தெரிகிறது. அதே நாளில், அதே வேகத்தில் எடுத்த தேன்சிட்டின் படம் ஒன்றுகூடத் தேறவில்லை. அது ஒரு கணமும் சும்மா இருக்கவில்லை.

எட்டாத தூரத்துக்கு, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பூட்டும் 1.4 மடங்குப் பெருக்கி வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வாங்கினேன், ஆறு மாதம் பயன்படுத்தினேன், பிறகு விற்றுவிட்டேன். அதைப் பூட்டியதும் எஃப் 6.3 என்பது எஃப் 9 ஆகிவிடுகிறது. அதோடு நம் ஊரின் சூடு வேறு. பத்து மணிக்கு மேல் சேற்று நிலத்தின் மேல் காற்று கொதிநீர்போல் அலையத் தொடங்கிவிடும். அந்த அலைக்கு ஊடே நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் உள்ளான் பறவையை எந்த விலை லென்ஸில் எடுத்தாலும், விளிம்புகள் கரைந்துதான் வரும். என் லென்ஸ் பழுதாகிவிட்டதோ என்று ஒரு மாதம் கவலைப்பட்டு, வீட்டில் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிச் சோதித்துப் பார்த்த பிறகுதான், குற்றம் காற்றில் இருக்கிறது என்று தெரிந்தது.

உண்மையில் எனக்கு நெருக்கத்தைக் கொடுத்தது கடல் ஏற்றத்தின் நேர அட்டவணை. சுங்கை பூலோவில் உள்ள குளங்கள் முன்பு இறால் பண்ணைகளாக இருந்தவை. மதகுகளைக் கொண்டு அவற்றின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஜொகூர் நீரிணையில் நீர் ஏறி வெளியே உள்ள சேற்றுத் திட்டுகள் மூழ்கும்போது, பவளக்கால் உள்ளான்களும் சின்னக் கோட்டான்கள் என்னும் வளைந்த அலகுள்ள கரைப்பறவைகளும் உப்புக்கொத்திகளும் இளைப்பாற இந்தக் குளங்களுக்குள் வந்து கூடுகின்றன. செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான வலசைக் காலத்தில், காலை எட்டு மணியை ஒட்டி நீர் உச்சத்தைத் தொடும் நாளாகப் பார்த்துப் போனால், வெளிச்சமும் இதமாக இருக்கும், பறவையும் பக்கத்தில் இருக்கும், கானலும் எழுந்திருக்காது. அப்படி ஒரு காலையில், கோட்டானின் வளைந்த அலகு நுனியில் ஒட்டியிருந்த சேற்றுத் துளிகூடப் படத்தில் விழுந்தது. அன்று நான் வைத்திருந்தது 520 மி.மீ. மட்டுமே.

200 என்ற தொடக்க எண் ஒரு தடைதான். பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று காலாங் ஆற்றிலிருந்து கரையேறி, நான் நின்ற பாதைக்கே வந்து புல்லில் புரண்டபோது, ஒரு குட்டியின் மீசையை மட்டும்தான் என்னால் படமெடுக்க முடிந்தது. 2.4 மீட்டருக்குள் வந்துவிட்டால் ஃபோகஸும் பிடிக்காது. நீர்நாய்களும் உடும்புகளும் மனிதரைக் கண்டு ஒதுங்காத நம் பூங்காக்களில் படம் எடுப்பவருக்கு 100இல் தொடங்கும் லென்ஸ் அதிகம் பயன்படும். தேசிய தினத்தையொட்டிய ஒத்திகை நாள்களில் சினூக் ஹெலிகாப்டர் தேசியக் கொடியைச் சுமந்து செல்வதை எங்கள் புளோக்கின் மேல்மாடி நடைவழியிலிருந்து எடுப்பேன். அதற்கு மட்டும் இந்த 200 அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

ஈரப்பதம் பற்றிச் சொல்லாமல் சிங்கப்பூரில் எந்த லென்ஸைப் பற்றியும் எழுத முடியாது. என் பழைய லென்ஸைத் துணி அலமாரியில் வைத்திருந்தேன். ஒருநாள் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல்போல் பூஞ்சை கிளைத்திருந்தது. அது முழுக்க என் கவனக்குறைவு. இப்போது உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினட் ஒன்றில், ஈரப்பதத்தை 45 விழுக்காட்டை ஒட்டி வைத்துப் பாதுகாக்கிறேன். இவ்வளவு நீளமான லென்ஸ் கேமராவோடு படுக்க வேண்டுமானால் கேபினட்டின் ஆழத்தை அளந்துவிட்டே வாங்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் முன்கண்ணாடி முழுவதும் பனி பூத்துவிடும். அதனால் வெளியே போகும் நாளுக்கு முதல் இரவே பையைக் கூடத்தில் வைத்துவிடுகிறேன். ரயிலிலிருந்து இறங்கியதும் பையைத் திறப்பதில்லை.

வேறு கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். நிக்கான் இசட் 180-600 லென்ஸும் உள்ளேயே ஜூம் ஆவதுதான். பிடி இல்லாமல் 1,955 கிராம். கேனன் ஆர்எஃப் 100-500 ஏறத்தாழ 1.4 கிலோ மட்டுமே. கடைசி முனையில் எஃப் 7.1 ஆகிவிடுகிறது, ஆனால் நாள் முழுவதும் நடப்பவருக்கு அந்த எடைக் குறைவு பெரிய வரம். சிக்மாவின் புதிய 150-600 ஸ்போர்ட்ஸ் சோனி கேமராக்களுக்கும் வருகிறது, சுமார் 2.1 கிலோ, குழாய் நீளும் வகை. எதுவானாலும் கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உங்கள் கேமராவிலேயே பூட்டி, அந்த அண்ணன் எனக்குச் சொன்ன ஐந்து நிமிடத்தைப் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் இன்னொரு கடைக்குப் போங்கள்.

என் லென்ஸின் வெயில் மறைப்பில் இப்போது நிறையக் கீறல்கள். முக்காலிப் பிடியின் வண்ணம் இரண்டு இடங்களில் உதிர்ந்திருக்கிறது. ஜூம் வளையத்தின் ரப்பர் மட்டும் இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. சென்ற வாரம் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு தூசித் துகள்கள் இருந்தன, பூஞ்சை இல்லை.