புதுக் கூண்டில் ஹாம்ஸ்டரைப் பழக்கும் மூன்று முறைகள்: எது எப்போது சரிவரும்?

புதுக் கூண்டு வாங்கியதும் பலரும் செய்வது இதுதான்: பழையதைக் காலி செய்து, ஓட்டச் சக்கரம் முதல் தண்ணீர்ப் புட்டி வரை எல்லாவற்றையும் கழுவி, கூண்டின் தரையில் விரிக்கும் மரச்சீவலைப் புத்தம்புதிதாகக் கொட்டி, ஹாம்ஸ்டரை உள்ளே விடுவார்கள். நம் கண்ணுக்கு அது நல்ல வரவேற்பு. ஹாம்ஸ்டரின் மூக்குக்கு அது முன்பின் தெரியாத இடம்.

இந்தப் பிராணிக்குப் பார்வை மங்கல். கிட்டத்தில் இருப்பதுதான் ஓரளவு தெரியும், உயரத்தைக் கணிக்க வராது. தன் இடம் எது, கூடு எந்தப் பக்கம், சேமித்த தீனி எங்கே என்பதையெல்லாம் மோந்துதான் கண்டுகொள்கிறது. சிரியன் வகைக்கு இடுப்பின் இரு பக்கமும், குள்ள வகைகளுக்கு வயிற்றின் நடுவிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. போகும் வழியெல்லாம் உடம்பை உரசி அது அடையாளம் வைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே கூண்டு மாற்றும் முறைகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது, பழைய வாசனை எவ்வளவு கூட வருகிறது என்பதைத்தான்.

முழுக்கப் புதிதாக மாற்றுவது

மூன்று முறைகளில் வேலை குறைவானது இது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் விலை கொடுப்பது ஹாம்ஸ்டர். முதல் சில இரவுகள் சுவரோரமாகவே ஓடிக்கொண்டிருக்கும். கூடு கட்டாமல் மூலையில் உட்காரும். கம்பி இருந்தால் கடிக்கும். கண்ட இடத்தில் சிறுநீர் விடும். இது பழக்கம் கெட்டதல்ல, அழிந்துபோன அடையாளத்தை மறுபடி வைக்கும் முயற்சி. 3 முதல் 10 வாரக் குட்டி சிரியன்களிடம் இன்னும் கவனம் வேண்டும். இடமாற்ற அழுத்தம் அவற்றுக்கு ‘வெட் டெயில்’ எனப்படும் கடும் வயிற்றுப்போக்கைக் கிளப்பிவிடலாம். அது ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கக்கூடிய நோய்.

அப்படியானால் இந்த முறையே கூடாதா? சில நேரங்களில் இது ஒன்றுதான் சரி. பூச்சித் தொற்று, தோலில் பூஞ்சை, தொற்றும் வயிற்றுப்போக்கு என்று ஏதாவது இருந்தால் பழைய சீவலில் ஒரு பிடிகூடப் புதுக் கூண்டுக்கு வரக் கூடாது. மரச் சாமான்களையும் கழிக்க வேண்டும். மரத்தின் துளைகளைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது.

வேறொரு ஹாம்ஸ்டர் இருந்த கூண்டை வாங்கினால் கதை சற்று வேறு. சிரியன் தனித்தே வாழும் பிராணி, இன்னொன்றின் வாசனை அதற்கு எதிரியின் எல்லை. கூண்டை வெந்நீரால் கழுவி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, நன்றாக அலசி, வாடை போகும்வரை காயவிடுங்கள். வாசனைச் சோப்பு வேண்டாம். அதன் பிறகு உங்கள் ஹாம்ஸ்டரின் சொந்தச் சீவலைத் தாராளமாக உள்ளே கொண்டுவரலாம்.

பழைய சீவலோடு குடிபெயர்ப்பது

நலமாக இருக்கும் ஹாம்ஸ்டருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். பத்தில் ஒன்பது வீடுகளுக்கு இதுவே போதும் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் ‘கொஞ்சம் பழசையும் போட்டேன்’ என்று மேலோட்டமாகச் செய்தால் பலன் வராது. எவ்வளவு, எங்கே, எந்த வரிசையில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான்கைந்து நாள் முன்பே தொடங்குங்கள். புதிதாக வாங்கிய ஒளிவிடத்தையோ (அது ஒளிந்து தூங்கும் சிறு வீடு) மணல் குளியல் தட்டையோ பழைய கூண்டுக்குள் வையுங்கள். மாற்றும் நாளுக்குள் அதில் வாசனை ஏறியிருக்கும். அந்த நாட்களில் பழைய கூண்டைக் கழுவ வேண்டாம், ஈரமான மூலையை மட்டும் எடுத்தால் போதும்.

புதுக் கூண்டில் குறைந்தது 25 செ.மீ. ஆழத்துக்குச் சீவல் நிரப்புங்கள். காகிதத் துகள் அல்லது தூசு நீக்கிய ஆஸ்பென் மரச்சீவல் நல்லது. தேவதாரு, பதப்படுத்தாத பைன் ஆகியவற்றின் எண்ணெய் வாடை மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். ஒவ்வொரு 7, 8 செ.மீ.க்கும் உள்ளங்கையால் அழுத்தி, நடுவே காய்ந்த வைக்கோல் ஓர் அடுக்கு போட்டால்தான் சுரங்கம் இடியாமல் நிற்கும். இந்த ஆழம் ஆடம்பரமல்ல. 2006-ல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வொன்றில் சிரியன் ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 செ.மீ. ஆழச் சீவலில் வைத்துப் பார்த்தார்கள். 10 செ.மீ.யில் இருந்தவை மற்றவற்றைவிட அதிகமாகக் கம்பி கடித்தன, 80 செ.மீ.யில் இருந்தவற்றில் கம்பி கடிப்பதே காணப்படவில்லை. பழக மறுக்கிறது என்று நினைக்கும் பல ஹாம்ஸ்டர்களுக்கு உண்மையில் தோண்ட இடமில்லை.

அடுத்து அளவு. பழைய கூண்டில் உள்ள உலர்ந்த சீவலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் எடுங்கள், பாதி இருந்தால் இன்னும் நல்லது. இதைப் புதுச் சீவலோடு கிளறிக் கலக்காதீர்கள். கலந்தால் வாசனை நீர்த்துப்போய் எங்குமே பழைய இடம் இருக்காது. அடியில் போட்டுப் புதைப்பதும் வீண். மேற்பரப்பில், முக்கியமாக ஒளிவிடத்தைச் சுற்றியும் அது நடமாடும் பாதையிலும் பரப்ப வேண்டும். கூட்டை மட்டும் பிரிக்காமல் இரண்டு கையாலும் முழுசாகத் தூக்கி, புது ஒளிவிடத்துக்குள் அப்படியே இறக்குங்கள். சிறுநீர் பட்ட சீவலில் ஒரு சிறு பிடி, அது எங்கே சிறுநீர் விட வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அந்த மூலைக்கு. மிச்ச ஈரத்தைக் கொட்டிவிடுங்கள், அமோனியா நெடி அதன் மூச்சுக்குக் கெடுதல். சேமித்த தீனியில் உலர்ந்த தானியத்தை விட்டுவைத்து, காய்கறித் துண்டுகளை எறியுங்கள். சக்கரத்தை இப்போதைக்குக் கழுவவே வேண்டாம்.

சக்கரம், பீங்கான் வீடு போன்ற கனமான பொருள்களைச் சீவலின் மேல் சும்மா வைப்பதுதான் ஆபத்தான தவறு. அடியில் சுரங்கம் தோண்டும்போது சரிந்து நசுக்கிவிடும். கால் வைத்த மரப்பலகை ஒன்றைக் கூண்டின் தரையிலேயே ஊன்றி, அதன்மேல் வையுங்கள். சக்கரமும் கூடும் தண்ணீரும் பழைய கூண்டில் எந்தப் பக்கம் இருந்தனவோ அதே பக்கம் இருக்கட்டும். புட்டியில் குடித்துப் பழகியதற்கு அதே நாளில் கிண்ணம் மட்டும் வைக்காதீர்கள். ஒரு வாரம் இரண்டும் இருக்கட்டும். தீனியையும் அந்த வாரம் மாற்ற வேண்டாம்.

மாலையில் அது தானாக எழுந்த பிறகே மாற்றுங்கள். கையால் துரத்திப் பிடிப்பதைவிட, ஒரு குவளையையோ அட்டைக் குழாயையோ பக்கத்தில் சாய்த்து வைத்தால் தானே நுழையும். கொண்டுபோய் ஒளிவிடத்தின் வாசலில் விட்டுவிட்டு, விளக்கைத் தணித்து விலகிவிடுங்கள். குட்டி ஈன்ற தாயாக இருந்தால் இந்த வேலை எதுவும் இப்போது வேண்டாம். முதல் இரண்டு வாரங்களில் கூட்டைக் கலைத்தால் குட்டிகளைக் கைவிடலாம், கொன்றும் விடலாம்.

இரண்டு கூண்டையும் இணைப்பது

பழைய கூண்டையும் புதியதையும் குழாயால் இணைத்தோ, பழையது சிறியதென்றால் அதைப் புதியதற்குள்ளேயே வைத்துக் கதவைத் திறந்துவிட்டோ, ஹாம்ஸ்டர் தன் விருப்பப்படி போய்வர விடும் முறை இது. கேட்க அழகாக இருக்கிறது. மிகவும் பயந்த, வயதான, அல்லது பலமுறை கைமாறி வந்த ஹாம்ஸ்டருக்கு இது உண்மையிலேயே நல்லது. திரும்பி ஓட ஒரு வீடு இருப்பதால் அது துணிந்து வெளியே வரும்.

சிக்கல்கள் இரண்டு. ஒன்று, இணைப்பில் உள்ள இடைவெளி. சிரியன் 1 செ.மீ.க்கு மேற்பட்ட இடைவெளியிலும், ரோபரோவ்ஸ்கி போன்ற குள்ள வகை அதைவிடச் சிறிய சந்திலும் தலையை நுழைத்துப் பார்க்கும்; பிளாஸ்டிக் விளிம்பைக் கடித்து வழியும் உண்டாக்கும். குழாயின் உள்விட்டம் சிரியனுக்கு 7 செ.மீ. இல்லையென்றால், கன்னப்பை நிறையத் தீனியோடு வரும்போது சிக்கிக்கொள்ளும். இரண்டு, அது பழைய கூண்டிலேயே தூங்கி, புதியதைத் தீனிக் கிடங்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் ஆகியும் கூடு நகரவில்லை என்றால், கூட்டை நீங்களே புதுப் பக்கம் எடுத்துவைத்து இணைப்பை அடைத்துவிடுங்கள். இழுத்தடித்தால் நாள்தோறும் குழப்பம்தான். பழைய கூண்டை உள்ளே வைப்பதானால், அதன் தட்டு விளிம்பு உயரத்துக்கு வெளிப்புறச் சீவலை ஏற்றிவிடுங்கள். உயரம் புரியாமல் குதிப்பது அதன் இயல்பு, 20 செ.மீ. வீழ்ச்சியே காலை முறிக்கப் போதும்.

பெரிய இடம் பயமுறுத்துமா?

100 × 50 செ.மீ. கூண்டுக்கு மாறும்போது, தடுப்பு வைத்துப் பாதி இடத்தை மட்டும் முதலில் கொடுங்கள் என்று சிலர் சொல்வதுண்டு. நாங்கள் உடன்படவில்லை. ஹாம்ஸ்டரைப் பயமுறுத்துவது பரப்பு அல்ல, மேலே மறைப்பில்லாத வெட்டவெளி. கூட்டிலிருந்து சக்கரம் வரை, சக்கரத்திலிருந்து தீனி வரை, ஒவ்வொரு 15, 20 செ.மீ.க்கும் ஒரு மரப்பட்டையோ அட்டைக் குழாயோ வளைந்த பாலமோ இருந்தால் எவ்வளவு பெரிய கூண்டிலும் அது நடமாடும். தடுப்பு வைத்தால், தடுப்பை எடுக்கும் நாளில் இன்னொரு மாற்றம் வந்து சேரும்.

கூண்டின் வகையும் பழகும் வேகத்தைப் பாதிக்கும். கம்பிக் கூண்டில் காற்று நன்றாக வரும், ஆனால் அடித்தட்டு ஆழமில்லாததால் சீவல் நிற்காது. ஏறி விழுவதும் கடிப்பதும் தொடரும். கண்ணாடித் தொட்டி சீவலை ஆழமாகத் தாங்கும், மேல்மூடி முழுவதும் வலையாக இருக்க வேண்டும், நேர் வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். கம்பியிலிருந்து கண்ணாடிக்கு வரும் ஹாம்ஸ்டர் சில நாள் கண்ணாடியோரம் ஓடினால் மூன்று பக்கத்தை வெளியிலிருந்து தாளால் மறையுங்கள். பிளாஸ்டிக் பெட்டியை வெட்டி வலை பொருத்துவது எடை குறைந்த வழி. வெட்டிய விளிம்பை வலையின் உலோகம் முழுக்க மூட வேண்டும்.

கை வைக்கலாமா, விட்டுவிடலாமா?

ஏற்கெனவே உங்களிடம் பழகியது என்றால் இரண்டு இரவு விட்டுவைத்தால் போதும். ஹாம்ஸ்டரே வீட்டுக்குப் புதிது என்றால் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம். விட்டுவைப்பது என்றால் அறையைப் பூட்டுவதல்ல. தீனி போடும்போது தாழ்ந்த குரலில் பேசுங்கள். கையில் சிறிது நேரம் வைத்திருந்த, வாசனை சேர்க்காத டிஷ்யூ தாளைக் கிழித்து ஒளிவிடத்தின் அருகில் போடுங்கள். அது எடுத்துப்போய்க் கூட்டில் சேர்க்கும்போது உங்கள் வாசனையும் கூட்டுக்குள் போகிறது. பிறகு கையைச் சீவல்மேல் மல்லாத்தி வைத்து, ஒரு சூரியகாந்தி விதையோடு காத்திருங்கள். மேலிருந்து இறங்கும் கையை அது வேட்டைப் பறவையாகவே எடுத்துக்கொள்ளும்.

இரண்டு மூன்று நாள் கண்ணிலேயே படவில்லை என்றால் தோண்டிப் பார்க்காதீர்கள். தீனி குறைகிறதா, புட்டியில் நீர்மட்டம் இறங்குகிறதா, மணலில் கால்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சமையல் தராசில் வாரம் ஒருமுறை எடை எடுப்பது நல்லது. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வால்பக்கம் ஈரமாக இருந்தாலோ, அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். குளிர்ந்த அறையில் உடம்பு சில்லிட்டு அசையாமல் கிடந்தால் இறந்ததாக முடிவு கட்டாதீர்கள், அது குளிர்உறக்கமாக இருக்கலாம். கைச்சூட்டில் மெதுவாக வெதுவெதுப்பாக்கி மருத்துவரிடம் காட்டி, கூண்டை 18 முதல் 24 டிகிரி வரை வெப்பமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு முதல் மூன்று நான்கு வாரம் சிறுநீர் மூலை, வாடிய காய்கறி, இவை தவிர எதையும் எடுக்க வேண்டாம். அதன் பின்னும் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குச் சீவலை மட்டும் மாற்றுங்கள். கூடு இருக்கும் பகுதியை அழுக்கோ ஈரமோ தெரிந்தால் ஒழியத் தொடாதீர்கள். சக்கரத்தைக் கழுவும் நாளில் சீவலை விட்டுவிடுங்கள்.