1877 வரையிலான அமெரிக்க வரலாறு: வகுப்பா, கிளெப்பா, ஏ.பி.யா?

டெக்சஸில் அரசு நிதி பெறும் எந்தப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் வாங்குவதானாலும் அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் (பாட அலகு) இருந்தாக வேண்டும். கணினி அறிவியல் படித்தாலும் சரி, நர்சிங் படித்தாலும் சரி, மாநிலக் கல்விச் சட்டம் யாரையும் விடுவதில்லை. அந்த ஆறில் முதல் மூன்றைத் தருவது ஹிஸ்டரி 1301: பூர்வகுடிகளில் தொடங்கி, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் 1877இல் முடியும் வரை. (எண்ணிலேயே விவரம் இருக்கிறது. முதல் 1 என்றால் முதலாண்டுப் பாடம், அடுத்த 3 என்றால் 3 கிரெடிட்.) வகுப்பில் உட்கார்ந்துதான் இதை வாங்க வேண்டும் என்றில்லை, தேர்வு எழுதியும் வாங்கலாம் என்று அதே சட்டம் இடம் கொடுக்கிறது. டாலஸ், ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் ‘எது சுலபம்?’ என்று கேட்பது இதனால்தான். கல்லூரி வகுப்பு, கிளெப் (CLEP, கல்லூரிப் பாடத்துக்கு ஈடாக எழுதும் தேர்வு), ஏ.பி. (AP, பள்ளியில் படிக்கும் கல்லூரி நிலைப் பாடமும் அதன் தேர்வும்) ஆகிய மூன்று வழிகளும் மூன்று வேறு திறமைகளைச் சோதிப்பதால், இந்தப் பிள்ளைக்கு எது சுலபம் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

கிளெப் தேர்வில் 90 நிமிடத்தில் சுமார் 120 கேள்விகள். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, கட்டுரை கிடையாது. ஒரு கேள்விக்கு 45 நொடிதான். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது என்பதால் எதையும் காலியாக விடக்கூடாது. 20 முதல் 80 வரையான அளவுகோலில் 50 எடுத்தால் 3 கிரெடிட் தரலாம் என்பது பொதுப் பரிந்துரை. முடிவு அங்கேயே திரையில் தெரிந்துவிடும். கட்டணம் 100 டாலரை ஒட்டி வரும், தேர்வு மையம் தனியாகவும் வாங்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் இலவச இணையப் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சர் கிடைக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே அங்கே பதிவு செய்துகொள்வது நல்லது.

இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் படிக்காமல் தோற்பதில்லை, தப்பான இடத்தில் படித்துத்தான் தோற்கிறார்கள். கேள்விகளில் 1789 வரையான காலத்துக்கு 30 விழுக்காடுதான். மீதி 70 விழுக்காடு 1790 முதல் 1877 வரை. பாடநூலை முதல் பக்கத்தில் திறப்பவர்கள் ஜேம்ஸ்டவுன் (1607), பிளிமத் (1620), சேலம் சூனிய வழக்குகள் (1692) என்று காலனிக் காலத்திலேயே மூன்று வாரம் தங்கிவிடுகிறார்கள். அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனிடம் வந்து சேரும்போது தேர்வு வாசலில் நிற்கிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிடும் இலவசப் பாடநூலை வைத்துச் சொன்னால், 1 முதல் 7 வரையான அதிகாரங்கள் 1790 வரை, 8 முதல் 16 வரை மீதி. ஆறு வாரம் இருந்தால் முதல் பகுதிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பிற்பகுதியில் 1832இன் வரிச்சட்ட மறுப்புச் சிக்கல், ஜாக்சன் வங்கியோடு நடத்திய மோதல், விக் கட்சி, செனகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாடு (1848), கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் (1854), டிரெட் ஸ்காட் தீர்ப்பு (1857), 13, 14, 15ஆம் திருத்தங்கள் (1865, 1868, 1870) ஆகியவற்றைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும்.

இன்னொரு பள்ளம், ஒரே பெயரில் வரும் வேறு வேறு சங்கதிகள். ஃபெடரலிஸ்ட் என்றால் 1787–88இல் அரசியலமைப்பை ஆதரித்தவர்களும் உண்டு, 1790களின் கட்சியும் உண்டு. முதல் வகையில் முன்னணியில் நின்ற மேடிசன் இரண்டாவதை எதிர்த்தவர். ஜெஃபர்சனின் ரிபப்ளிகன்கள் வேறு, 1854இல் பிறந்து லிங்கனை அதிபராக்கிய ரிபப்ளிகன் கட்சி வேறு. சமய எழுச்சியும் இரண்டு: ஒன்று 1730–40களில், மற்றது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. 1781இல் நடைமுறைக்கு வந்த முதல் ஆட்சி ஏற்பாட்டையும், 1861இல் பிரிந்துபோன தென் மாநிலங்களையும் ‘கூட்டமைப்பு’ என்றே எழுதிவைத்து, கடைசி வாரத்தில் தாங்களே குழம்புவார்கள். ஆண்டையும் சேர்த்து எழுதினால் தப்பிக்கலாம்.

கிளெப்பில் கிடைப்பது கிரெடிட் மட்டும்தான், கிரேடு கிடையாது. ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) ஏறாது, இறங்காது. தோற்றால் மூன்று மாதம் காத்திருந்து மறுபடி எழுதலாம். ஆனால் எல்லாக் கல்லூரிகளும் இதை ஏற்பதில்லை. பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் பல இதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மருத்துவக் கல்லூரிக் கனவு இருந்தால், அங்கே தேர்வு கிரெடிட்டுக்கு என்ன மதிப்பு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏ.பி. வேறு ரகம். ஆண்டுக்கு ஒரே முறை, மே மாதத்தில் நடக்கும். பள்ளி வழியாக இலையுதிர் காலத்திலேயே பதிய வேண்டும். 1 முதல் 5 வரை மதிப்பெண். டெக்சஸ் அரசுக் கல்லூரிகள் பொதுவாக 3க்கே கிரெடிட் தருகின்றன. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் 55 கேள்விகளுக்கு 40 விழுக்காடு, மூன்று குறுவிடைகளுக்கு 20, ஆவணக் கட்டுரைக்கு 25, நீள் கட்டுரைக்கு 15. மொத்தத்தில் 60 விழுக்காடு எழுத்து. பாடமும் 1877இல் நிற்காது, இன்றைய காலம் வரை வரும். ஆரம்ப கால வரலாறு அதில் ஏறக்குறையப் பாதி. 1607க்கு முந்தைய பகுதிக்கு 4 முதல் 6 விழுக்காடுதான்.

ஆவணக் கட்டுரைதான் பிள்ளைகளைக் கவிழ்க்கிறது. ஏழு ஆவணங்கள் தருவார்கள். படிக்கவும் எழுதவும் ஒரு மணி நேரம். குறைந்தது நான்கையாவது தன் வாதத்துக்குச் சான்றாக நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து ஒரு தகவலும் வேண்டும். ‘ஆவணம் 2 இப்படிச் சொல்கிறது, ஆவணம் 3 இப்படிச் சொல்கிறது’ என்று சுருக்கம் எழுதினால் மதிப்பெண் நகராது. சுதந்திரப் பிரகடனத்தையே எடுத்துக்கொள்வோம். மன்னர் மீதான கடைசிக் குற்றச்சாட்டு, அவர் உள்நாட்டுக் கலகங்களைத் தூண்டினார் என்பது. இதை அப்படியே எடுத்து எழுதினால் சுருக்கம். 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்ததை இதோடு இணைத்து, ‘எல்லா மனிதரும் சமம்’ என்ற ஆவணத்திலேயே அடிமை உடைமையாளர்களின் அச்சம் பேசுகிறது என்று காட்டினால் அது வாதம். வெளித்தகவலுக்கான மதிப்பெண்ணும் அதிலேயே வந்துவிடும்.

இந்த இணைக்கும் பழக்கம் ஆறு வாரத்தில் வராது, ஒரு கல்வியாண்டு வேண்டும். அதனால் பள்ளியில் ஏ.பி. வகுப்பு எடுக்காமல் தேர்வை மட்டும் தனியாக எழுதும் யோசனை எனக்கு உவப்பில்லை. வகுப்பில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளைக்கோ இதைவிட லாபமான வழி இல்லை. ஒரே தேர்வில் 1301, அதன் தொடர்ச்சியான 1302 (1877க்குப் பிந்தைய வரலாறு) இரண்டுக்கும் கிரெடிட் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு; எத்தனை மதிப்பெண்ணுக்கு எத்தனை பாடம் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

வகுப்புக்கு வருவோம். 3 கிரெடிட் பாடம் என்றால் 16 வாரத்தில் 48 மணி நேர வகுப்பு. ஒவ்வொரு மணிக்கும் வெளியே இரண்டு மணி நேர வாசிப்பு என்று கணக்கிட்டால் மொத்தம் 144 மணி நேரம், வாரத்துக்கு 9. இதே பாடத்தைக் கோடையில் 5 வாரத்துக்குள் அடைத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 29 மணி நேரம். ‘கோடையில் லேசாக ஒரு வரலாற்றுப் பாடம்’ என்று சேர்ந்து, பகலில் இன்டர்ன்ஷிப்பும் வைத்துக்கொள்பவர்கள் மூன்றாம் வாரத்தில் மூச்சுத் திணறுவது இந்தக் கணக்கால்தான். பாதியில் விலகலாம் என்றால், டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் இளங்கலை முழுவதற்கும் ஆறு பாடங்களுக்கு மேல் கைவிட முடியாது. அதில் ஒன்றை வரலாற்றுக்குச் செலவழித்தால் பின்னால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்குத் தேவைப்படும்போது கை கடிக்கும்.

உயர்நிலைப் பள்ளியிலிருந்தபடியே சமுதாயக் கல்லூரியில் டூயல் கிரெடிட்டாக (பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்தே கணக்காகும்படி) 1301 எடுப்பது இங்கே சகஜம். மாநிலம் முழுக்க ஒரே பாட எண் என்பதால் அரசுக் கல்லூரிகளுக்கு இடையே மாற்றுவது எளிது. மே மாதத்து ஒரு நாளில் தலைவலி வந்தால் எல்லாம் போயிற்று என்ற பயமும் இல்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் வாங்கிய சி கிரேடு கல்லூரி மதிப்பெண் பட்டியலில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். ஏ.பி.யில் 2 வாங்கினால் அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாமலேயே இருக்கலாம். இதில் அந்த வசதி கிடையாது.

ப்ளஸ் டூ முடித்து எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர்களுக்குக் கணக்கு வேறு. பருவத்துக்கு 12 கிரெடிட் பதிவு கட்டாயம், அதில் இணைய வகுப்பு ஒன்றுக்கு மேல் கணக்கில் வராது. கிளெப் கிரெடிட் இந்தப் பன்னிரண்டில் சேராது. கிளெப்பை நம்பிப் பதிவைக் குறைத்தால் விசா நிலைக்கே ஆபத்து. முதல் பருவத்தில் நேரடி வகுப்பாக 1301 எடுப்பதே இவர்களுக்கு என் பரிந்துரை. மிசூரி எங்கே இருக்கிறது, செனட்டில் ஏன் அடிமை மாநிலமும் விடுதலை மாநிலமும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் அமெரிக்கப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பழகிய சேதி, இவர்களுக்குப் புதிது. 1820, 1850 சமரசங்களை மனப்பாடம் செய்வதைவிட, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு ஆசிரியரிடம் கேட்டால் ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். கல்லூரி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் பயிற்சியும் முதல் பருவத்திலேயே கிடைக்கும். கிளெப்பை 1302க்கு வைத்துக்கொள்ளலாம். உலகப் போர்களும் பனிப்போரும் நம் பள்ளிப் பாடத்திலேயே ஓரளவு வந்தவைதானே.

எந்த வழியானாலும் பணம் கட்டுமுன், சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் தேர்வு கிரெடிட் அட்டவணையில் 1301க்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இதே பாடத்துக்கு எண் 315கே. 1301 என்று தேடிவிட்டு ‘இல்லை’ என்று திரும்பிவிடாதீர்கள்.